இரண்டு யூரோக் காய்

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். வேறு எவனையும் குறை சொல்ல முடியாது.

2004இல் பேர்லினில் ஒரு சூதாட்டக்கூடத்தின் போக்கர் மேசையில் சீட்டுப் போடுகிறவனாக இருந்தேன். அங்கே சீட்டுப் போட்ட ஆறு பேரில் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவன், ஒரு வருட ஒப்பந்தத்தில். அது நிரந்தரமானால்தான் மன்னாரிலிருந்து என் மனைவி அன்ரனிற்றாவைக் கூப்பிட முடியும். கட்டி இரண்டு வருடம். சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். விசா அலுவலகத்துக்காரி என் கடதாசிகளைப் புரட்டிவிட்டு, நிரந்தர வேலைக் கடிதத்தோடு வா என்று அனுப்பிவிட்டாள்.

எங்கள் சம்பளம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை வென்றவன், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டக் காய்களில் ஒன்றை எங்களுக்கு எறிவான். நாங்கள் அதை மேசையில் தட்டி, ஊழியர் சார்பில் நன்றி சொல்லி, பூட்டிய பெட்டிக்குள் போடுவோம். ஆறு பேரின் சம்பளமும் அந்தப் பெட்டிக்குள்தான்.

அந்த மேசையில் நினைத்தபடி கட்ட முடியாது. முதல் இரண்டு சுற்றுக்குப் பத்து யூரோ, பிறகு இருபது என்று கூடம் வைத்திருந்தது. காயும் பத்து யூரோக் காய். ஆக, கட்டுவது ஒரு காய், இரண்டு காய். நடுவில் நாலைந்து காய் கிடந்தால் எந்த மடையனுக்கு ஆசை வரும்? சீட்டைப் பார்ப்பார்கள், மடக்கிவிட்டுப் போவார்கள். பின்னேரம் ஆறு மணிக்கே மேசை காலி.

யோசித்தேன். கட்டும் தொகையை எட்டும் பதினாறுமாக்கி, இரண்டு யூரோக் காயைக் கொடுத்தால் என்ன? நாலு காய், எட்டுக் காய். கட்டுவது குறைவு, குவிவது குவியல் குவியலாக. காய் மாற்றும் கூண்டுக்குள் இருக்கும் பிளோறன்ஸ் அக்காவிடம் முதலில் சொன்னேன்.

"உமக்கேன் தம்பி இந்த வேலை? சீட்டைப் போட்டமா, வீட்டை போனமா எண்டு இரும்."

"மேசை நிரம்பினா என்னை நிரந்தரமாக்குவாங்கள் அக்கா. அவளைக் கூப்பிட வேறை வழி இல்லை."

"அப்ப உம்மடை இஷ்டம்."

அறைப் பொறுப்பாளர் லூக்காஸுக்கு வாயெல்லாம் பல். ஒரு கிழமையில் மாற்றிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பிய்த்துக்கொண்டு போனது. இன்னும் நாலு காய்தானே என்று, மடக்க வேண்டிய சீட்டோடு கடைசிவரை வந்தார்கள். ஒவ்வொரு குவியலிலும் கூடம் தன் பங்கை எடுத்தது. வாசலில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். நான் அன்ரனிற்றாவிடம் கால் அளவு கேட்டு, உள்ளே கம்பளி வைத்த குளிர்ச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன், விசரன்.

ஒன்றே ஒன்றை மறந்துபோனேன். வென்றவன் எறிவது ஒரு காய். அன்றும் ஒன்று, இன்றும் ஒன்று. அது பழக்கம், கை தானாகச் செய்வது. முன்பு பத்து யூரோவாக விழுந்தது, இப்போது இரண்டு யூரோவாக விழுந்தது. ஆட்டங்கள் கூடியும் அந்தக் குறை முழுதாக அடைபடவில்லை.

மூன்றாம் மாதம் லூக்காஸ் என்னைக் கூப்பிட்டார். மேசை அருமை, எல்லாம் உன் யோசனைதான் என்று கை கொடுத்தார். அந்தக் கையை விடாமலே, பெட்டி இனி ஐந்து பேருக்குத்தான் காணும் என்றார். கடைசியாக வந்தவன் முதலில் போக வேண்டும்.

பழைய காய்க்கே மாற்றுங்கள் என்றேன். கூடத்துக்கு நன்றாகத்தானே போகிறது, எதற்கு என்று கேட்டார்.

கடைசி நாள் ஒரு கிழவர் பெரிய குவியலொன்றை வென்றார். இரண்டு கையாலும் அணைத்து இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு காயை எறிந்தார். தட்டி, நன்றி சொல்லி, பெட்டிக்குள் போட்டேன். வேறு என்ன செய்ய?

அடுத்த நாள் காலை மன்னாருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"சப்பாத்தைப் பார்சலிலை போட்டுவிடுறன்" என்றேன். "அளவு சரியோ எண்டு பாரும்."

"அங்கை வந்து போட்டுப் பாக்கிறன்தானே. இந்த வெயிலுக்குள்ளை எனக்கென்னத்துக்குக் குளிர்ச் சப்பாத்து?"

பார்சல் வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. சரி, அனுப்புங்கோ என்றாள்.