இலையை எந்தப் பக்கம் மடித்தாள்?

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடும்பக் கதை எழுதுகிறவளுக்குக் கோபம் ஆகாது என்பார்கள். ஒரு பெண்பார்க்கும் படலம், ஒரு மனஸ்தாபம், மாமியார் மனம் மாற ஒரு விஷக் காய்ச்சல், கடைசியில் சுபம். நானும் அப்படி நிறைய எழுதியிருக்கிறேன், விரும்பித்தான் எழுதினேன். கல்யாண வீடுகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பியபோது, "நம் வாசகிகள் இதைத் தாங்கமாட்டார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

எந்த வாசகி, ஐயா? பெயர் என்ன? எந்தத் தெரு? அவளை நீங்கள் நேரில் பார்த்தது உண்டா?

பதில் வராது. அதனால் அந்த வாசகியை நானே தேடிப் போகிறேன். என்னோடு வாருங்கள்.

2

எப்படித் தொடங்குவது?

*தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில்* [வேண்டாம். எங்கள் ஊர்க் கதை எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. இந்த ஒன்றிலாவது ஓய்வெடுக்கட்டும்.]

*உலகம்மாளின் கண்களில் நீர் முத்து முத்தாக* [இல்லை. அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு. திருநெல்வேலி டவுணில் தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் உலகம்மாள் என்று ஒருத்தி. தமிழ் எம்.ஏ. கணவன் குமரகுருபரனுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. அவள் நாவல் எழுதுகிறவள். எழுதியவை எல்லாம் சென்னைக்குப் போய், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

திரும்பி வருவதில் ஒரு கொடுமை இருக்கிறது. கதையோடு தன் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்பவேண்டும். கதை பிடிக்காவிட்டால் அந்த உறையில்தான் திரும்பும். ஆகவே ஒவ்வொரு முறை தபால்காரர் நீட்டும்போதும் தன் கையெழுத்தே தன்னைத் தேடி வருவதைப் பார்க்கவேண்டும். தன்னை வேண்டாம் என்று தானே எழுதிக்கொண்ட மாதிரி. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் கதை எழுதினவராக இருக்கமுடியாது.

3

இந்த முறை திரும்பி வந்த நாவலின் முடிவை நான் உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். கதையே அதில்தான் நிற்கிறது.

கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தி. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் அன்றைக்குச் சொதிதான். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுச் செய்வது, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மணப்பெண் வடிவு மாப்பிள்ளையின் பக்கத்தில் இலை முன்னால் இருக்கிறாள். பெண்ணைப் பெற்ற அப்பா சொதி வாளியோடு பரிமாறி வருகிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தி முழுக்கக் கேட்கும்படி, "தேங்காப்பால எங்கவே ஒளிச்சு வச்சீரு? பருப்புத் தண்ணியால்லா ஊத்துதீரு" என்கிறார். பந்தி சிரிக்கிறது. மாப்பிள்ளையும் சிரிக்கிறான். அப்பா வாளியோடு நிற்கிறார். கடைசிக்கு முந்தின அத்தியாயம் அங்கே முடிகிறது.

கடைசி அத்தியாயத்தில் வடிவு இலையை மடிக்கிறாள். விசேஷ வீட்டில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிக்கவேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில். வடிவு எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து, அப்பா கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைக்கிறாள். அதோடு நாவல் முடிகிறது.

ஆசிரியரின் குறிப்பு: "நடை நன்று. முடிவு அமங்கலம். கதாநாயகி இலையைத் தன் பக்கம் மடிக்கட்டும், பெரியப்பா கண் கலங்கி மன்னிப்புக் கேட்கட்டும். மாற்றி அனுப்பினால் தீபாவளிக்குப் போடலாம்."

பெரியப்பா மன்னிப்புக் கேட்பாராம்! அந்த ஆசிரியருக்குப் பெரியப்பா என்று ஒருவர் இருந்திருப்பாரா?

குமரகுருபரன் குறிப்பைப் படித்தான்.

"மாத்திக் குடுத்துரேன்ட்டி. ஒரு இலைதான? மொதல்ல அச்சுல வரட்டும்."

"ஒரு இலையா? நீங்க சொல்லுததப் பாத்தா அந்தப் பந்தியில நீங்களும் சிரிச்சிருப்பீய போலுக்கே."

"நான் எதுக்குச் சிரிக்கேன்? உங்க அப்பா ஊத்தின சொதி நல்லாத்தான இருந்துச்சு!"

[முதல் பிரதியில் இவனை வில்லனாக எழுதியிருந்தேன். எழுதும் பெண்ணின் கணவன் என்றால் பேனாவைப் பிடுங்கவேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பார்கள். எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒவ்வொரு கதைக் கட்டையும் சைக்கிளில் கொண்டுபோய், தபால் ஆபீஸில் முத்திரை விழுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தவன் இவன். அவள் பெயரை அச்சில் பார்க்க அவளைவிட இவனுக்குத்தான் அவசரம். நல்லவர்கள் சொல்லும் யோசனையைத் தட்டுவதுதான் கஷ்டம்.]

உலகம்மாள் அசைந்துவிட்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்க்கதை ஆகிவிடும். கார்பன் பிரதியிலிருந்தும் கடைசி அத்தியாயத்தை உருவிக்கொண்டு, ஆசிரியர் சொன்னபடி மாற்றி எழுத உட்கார்ந்தாள். மிச்சத்தைத் தோழி ஆபிதா பீவியிடம் படிக்கக் கொடுத்தாள். "எங்கனயாவது தொய்வா இருந்தா சொல்லு."

4

ஆபிதா கல்லூரியில் அவளோடு படித்தவள். பேட்டையில் வாடகை நூல் நிலையம் வைத்திருக்கிறாள். மாத நாவல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு, எண் எழுதி வாடகைக்கு விடுவது. மேஜைக்கு வரும் காகிதம் எதுவானாலும் அவள் கை ஊசியைத் தேடும்.

அடுத்த வாரம் உலகம்மாள் போனபோது மேஜைமேல் தன் நாவலைக் காணவில்லை.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன், அழுதேன், தச்சேன், அட்டையும் போட்டு விட்டாச்சு. இப்ப நாலாவது ஆள் கையில ஓடுது."

"ஏட்டி, அது கடைசி அத்தியாயம் இல்லாத பிரதி!"

"நம்ம கடையில எந்தப் புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்குட்டி?"

அது நிஜம். வாடகைப் புத்தகத்தில் முதலில் போவது கடைசிப் பக்கம்தான். ஆனால் இந்த முறை வாசகிகள் விடவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நகராமல் அங்கேயே நின்று சண்டை போட்டார்களாம். ஒருத்தி சொதி வாளியை வடிவு பெரியப்பா தலையில் கவிழ்க்கவேண்டும் என்றாளாம். [எனக்கும் இந்த முடிவு பிடித்திருக்கிறது. சொதி ஆறியிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.]

பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வதியம்மாள் வந்தாள். அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு, கடையின் மிகப் பழைய சந்தாதாரர். சுபம் என்று முடியாத புத்தகத்தை ஆபிதாவிடம் விட்டெறிகிறவள். ஐயா ஆசிரியரே, நீங்கள் சொன்ன வாசகி இவள்தான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காக்கி அட்டைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். "ஏளா ஆபிதா, இத எவ எழுதினது?"

ஆபிதா கையைக் காட்டினாள். பார்வதியம்மாள் உலகம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள எந்திரிச்சாளா?"

"எந்திரிச்சா. இலைய எதிர்ப்பக்கமா மடிச்சிட்டு எந்திரிச்சா."

"எந்திரிக்க மாட்டா." குரல் உயர்ந்தது. "ஆழ்வார்குறிச்சியில என் மறுவீட்டுப் பந்தியில எங்க அப்பாவும் இப்படித்தான் வாளியோட நின்னாவ. நான் தலையக் குனிஞ்சு, இலைய என் பக்கமா மடிச்சிட்டுப் போனேன். இப்ப நீ வந்து இவ எந்திரிச்சான்னு எழுதினா, நான் இத்தன வருஷம் உக்காந்திருந்ததுக்கு என்னளா அர்த்தம்?"

"அப்ப எந்திரிக்கலன்னு எழுதிரட்டுமா?" என்றாள் உலகம்மாள்.

"எழுதிப் பாரு. புஸ்தகத்தத் தூக்கி வாய்க்கால்ல எறியுதேனா இல்லியான்னு பாரு."

ஆபிதா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பார்வதியம்மாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "எப்படி எழுதினாலும் எனக்குத்தான் மொதல்ல தரணும். இன்னொருத்தி கை படப்படாது, சொல்லிட்டேன்."

5

உலகம்மாள் வீட்டுக்கு வந்து, பாதி மாற்றி எழுதிய அத்தியாயத்தை எடுத்தாள். *பெரியப்பாவின் கண்கள் பனித்தன. "என்னை மன்னித்துவிடு அம்மா" என்று* அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

பழைய கடைசி அத்தியாயத்தின் மூலத்தை நாவலோடு சேர்த்துக் கட்டினாள், வேறொரு பத்திரிகைக்கு. அதன் கார்பன் பிரதியை ஆபிதாவுக்கு எடுத்து வைத்தாள். குமரகுருபரன் கட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"திரும்பி வர உறை வைக்கலியே?"

"வைக்கல."

"பிடிக்கலன்னா குப்பையில போட்டுருவாம்ட்டி!"

"போடட்டும். என் கையால என்னைத் திருப்பி அனுப்ப இனி நான் ஆள் இல்ல."

அவன் கட்டைக் கேரியரில் வைத்துச் சைக்கிளை எடுத்தான்.

6

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

நாவல் தீபாவளி மலரில் வந்தது, பழைய ஆசிரியர் கைவிரலைக் கடித்தார். [ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது போல எழுதக் கை வரவில்லை.]

நாவல் எங்கோ ஒரு குப்பைக் கூடையில் கிடக்கிறது, உலகம்மாள் பேனாவை மூடிவிட்டாள். [இதை எழுதமாட்டேன். எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தையும் சேர்த்துத் தைத்த பிரதி பார்வதியம்மாள் வீட்டுக்கு முதலில் போனது. பத்து நாள் அங்கேயே இருந்தது. திரும்பி வந்தபோது ஆபிதா புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். வடிவு இலையை மடிக்கும் பக்கம் இல்லை. தையல் ஓரத்தில் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பார்வதியம்மா, கடைசிப் பக்கம் எங்க?"

"வரும்போதே இல்ல."

"நான் பாத்துல்லா குடுத்தேன்!"

"ஏளா, உன் கடையில எந்தப் புஸ்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்கு?" என்றாள் பார்வதியம்மாள், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அங்கே நின்றிருந்த உலகம்மாள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மூலம் திரும்பி வராத ஊருக்குப் போய்விட்டது, நகலைத் திருடிவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குயர் தாளும் புதிய கார்பனும் வாங்கிக்கொண்டாள்.

ஐயா ஆசிரியரே, தாங்கமாட்டாள் என்றீர்கள். தாங்கினாளோ தாங்கவில்லையோ, கிழித்துக்கொண்டு போகிற அளவுக்கு அது அவளுக்கு வேண்டியிருந்தது. நீங்கள் அச்சிட்ட சுபங்களில் ஒன்றையாவது யாராவது திருடியிருக்கிறார்களா?

கோபத்தில் கிழித்தாளா, வைத்துக்கொள்ளக் கிழித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். பேட்டையில் அவள் வீடு எனக்குத் தெரியும், விலாசம் தரமாட்டேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள்தானே நீங்களும். அந்தத் தாளை எங்கேயோ மடித்துத்தான் வைத்திருப்பாள். எந்தப் பக்கமாக என்று நீங்களே சொல்லுங்கள்.