மாமா பாராட்டிய எஞ்சின்

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில்வே ஓடுகிறது. நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை, பலகையின் மேல் தண்டவாளம், கதவு இருக்கும் இடத்தில் மட்டும் தூக்கி வைக்கிற மாதிரி ஒரு பாலம். இந்த ரயில்வேக்கு இரண்டு முதலாளிகள். ஜன்னல் பக்கத்துப் பாதி அப்பாவுடையது. கதவுப் பக்கத்துப் பாதி மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. மாமா வீட்டில் இடமில்லை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அவர் வீட்டில் தாராளமாக இடம் இருக்கிறது. சண்டை போடத்தான் ஆளில்லை.

அப்பா பல் செட் கட்டும் லேபில் வேலை செய்கிறார். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், அப்பா அதற்குப் பல் செய்து அனுப்புவார். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் சிரிப்பது அப்பாவின் கைவேலை. மாமா லிப்ட் மெக்கானிக். லிப்டுக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் மாடி அறைக்குள் போய்விடுவார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் சிக்னல் கிடைக்கவில்லை என்பார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் புது எஞ்சின் வாங்கிவந்தால் மற்றவர் அதைக் கையில் எடுத்து, திருப்பி, கீழே வைத்து, ஒரு குறை சொல்ல வேண்டும். எஞ்சினில் குறை இல்லையென்றால் அது வந்த அட்டைப்பெட்டியைப் பற்றியாவது சொல்ல வேண்டும்.

"என்ன அத்தான், பெயிண்ட் டப்பாக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு?"

"உன் வண்டியைப் பாரு மாப்ளே. அது எந்திரிக்கவே இல்ல."

இப்படியே எத்தனையோ வருஷம். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு நெருக்கம்.

தொடக்கத்தில் அந்த ரயில்வே கூட்டுக் குடும்பம் மாதிரி இருந்தது. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் நிற்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து கிளம்பும், நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து நிற்கும். பிறகு டிஜிட்டல் வந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு எண். கையிலிருக்கும் கன்ட்ரோலரில் எண்ணைத் தட்டினால் அந்த எஞ்சின் மட்டும் கிளம்பும், மற்றதெல்லாம் தன் வேலையைப் பார்க்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டில் இப்படி ஒரு ஒழுக்கம்.

புது எஞ்சின் என்றால் சிப்போடே வரும். பழைய எஞ்சினைத்தான் பிரித்து, மோட்டாருக்கும் உடம்புக்கும் உள்ள மின்தொடர்பை அறுத்து, தலைமுடி மாதிரி ஒயர்களைப் பற்றவைத்து, சிப்பை உள்ளே நுழைக்க வேண்டும். ஒரு ஒயர் தப்பாகப் பட்டாலும் சிப் புகைந்துவிடும். இதில் அப்பாதான் மன்னன். கடைவாய்ப் பல்லுக்குள் வேலை செய்து பழகிய கை.

இரண்டு வருஷமாக அப்பாவுக்குக் காது மந்தம். நாள் முழுக்க லேபில் பல்லை ராவும் மெஷின் காதருகே கீச்சிட்டால் வேறென்ன ஆகும். கனத்த சத்தமெல்லாம் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. காலிங்பெல் போனது, குக்கர் போனது, பிறகு அம்மா போனாள்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு வந்துடுங்களேன்" என்பாள் அம்மா.

"எனக்கு நல்லா கேக்குது. இந்தக் காலத்துல எல்லாரும் முணுமுணுக்கறாங்க."

"ஊருக்கெல்லாம் பல் செட் மாட்டி விடறீங்க. உங்க காதுல ஒண்ணு மாட்டினா என்ன?"

"பல் வேற. காது வேற."

இதற்கு மேல் மருத்துவ விளக்கம் கிடைக்காது.

அம்மாவுக்குக்கூட அது பெரிய கஷ்டமில்லை. சத்தமாகப் பேசுவதில் அவளுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அடி விழுந்தது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மாமா ஒரு கிண்டல் சொல்வார். அப்பா, "என்ன?" என்பார். மாமா மறுபடி சொல்வார். ஒரு கிண்டலை இரண்டாம் தடவை சொன்னால் அது புகார் ஆகிவிடுகிறது. மூன்றாம் தடவை சொன்னால் வழக்கு. மாமா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்பாவும் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு மூலையில் தன் எஞ்சினை ஓட்டிவிட்டு, நேரத்துக்குக் கீழே வந்து, சூடாகச் சாப்பிட்டார்கள். அம்மா அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"அவன் வர்றதை நிறுத்திடுவான்டா" என்றாள் என்னிடம்.

அப்படி இருக்கையில்தான் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பித்தளை எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். நீராவி எஞ்சின், பின்னால் கரிப்பெட்டி. முதல் சம்பளத்தில் வாங்கியது. இத்தனை நாளும் யாரையும் திருப்புளியோடு அதன் பக்கத்தில் விட்டதில்லை.

"இதுக்கு ஒலி சிப் போடணும் அத்தான்" என்றார், அப்பாவுக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து. "புகை விடற சத்தம், விசில், எல்லாம்."

"உன் கையால போட்டுக்கறதுதானே?"

"எனக்கு லிப்ட் சைஸ்லதான் கை ஓடும்."

அப்பா அதை ஒரு வாரம் வைத்துச் செய்தார். உள்ளே சுண்டுவிரல் நகம் போல ஒரு ஸ்பீக்கர். அதற்குப் பின்னால் காற்றுப் புகாத குட்டிப் பெட்டி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் கொசு மாதிரி இருக்கும். கரிப்பெட்டிக்குள் எந்தக் கடைப் பெட்டியும் அடங்கவில்லை. அப்பா லேபில் பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்கில் தானே ஒன்றை வார்த்துக்கொண்டு வந்தார். அச்சு அசல் ஈறு நிறம். எஞ்சினைத் திறந்தால் உள்ளே யாரோ வாயைப் பிளந்துகொண்டு இருப்பது மாதிரி இருந்தது. பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

பிறகு சத்தத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அந்தச் சிப்பில் எல்லாமே எண்தான். சத்தத்தின் அளவுக்கும் ஒரு எண். அப்பா கொஞ்சம் கூட்டினார். தலையை ஆட்டினார். இன்னும் கூட்டினார். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த நான் முதலில் புத்தகத்தை மூடினேன், பிறகு கதவை மூடினேன். அப்பா அந்த எண் எதுவரை போகுமோ அதுவரை போனார். அதற்கு மேல் எண் இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அந்தச் சத்தத்தை ஸ்பீக்கர் ஒரு சாயங்காலம் தாங்கியது. அப்புறம் அதன் சவ்வு கிழிந்தது. எஞ்சின் ஓடும்போது மின்விசிறி இறக்கையில் காகிதம் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பு. விசில் அடித்தால் தகர ஷட்டரை யாரோ நகத்தால் பிராண்டுகிறார்கள். அப்பாவுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நன்றாகவே கேட்டது. இரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

நான் சொல்லிவிடலாம் என்று படியில் கால் வைத்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சொன்னா எரிஞ்சு விழுவார். என் தம்பி வரட்டும். அவன் நாக்குக்கு ஈவு இரக்கம் கிடையாது. அவன் கேக்கிற கேள்வியில இவரே எந்திரிச்சு டாக்டர்கிட்ட போயிடுவார்."

குடும்பமே மாமாவின் கெட்ட வாயை நம்பி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது.

மாமா வந்தார். அம்மாவும் சும்மா துணி எடுக்கப் போவது மாதிரி மாடிக்கு வந்தாள். மாடி அறையில் துணி எதுவும் கிடையாது. அப்பா எண்ணைத் தட்டினார். பித்தளை எஞ்சின் அசைந்து, ஜன்னலோரம் போய், வளைவு திரும்பி, மாமாவின் பாதிக்குள் நுழைந்தது. கரகரவென்று அந்த அறையே அதிர்ந்தது. அப்பா விசில் அடித்தார். எனக்குப் பல் கூசியது.

மாமா முதலில் எஞ்சினைப் பார்த்தார். லிப்டுக்குள் நிற்பது மாதிரி ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அத்தான்" என்றார் மாமா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. கன்ட்ரோலரைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னேன்."

"ரொம்பவா?"

"ரொம்ப நல்லா இருக்கு. வேலைன்னா இது வேலை."

அப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். பூதக்கண்ணாடி விளக்கைக் கீழே இழுத்தார். திருகாணிகளைக் கழற்றினார். கரிப்பெட்டியின் மூடி திறந்ததும் அந்த ஈறு நிறப் பெட்டி தெரிந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார்.

அப்பா ஸ்பீக்கரை விளக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிழிஞ்சிருக்கு."

"ஆமா அத்தான்."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இவங்களுக்கு?"

"வர்ற வழியில தெருமுனை டெய்லர் என்னை நிறுத்திக் கேட்டார், அக்கா வீட்ல மாவு மெஷின் வாங்கியிருக்காங்களான்னு."

"அப்போ ஏன்டா சொல்லல?"

மாமா பாலத்தின் கொக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு சொன்னார், "இதோ பாரு. எஞ்சின் ஓடலைன்னா சொல்லு. கை நடுங்குதுன்னா சொல்லு. என்னை முட்டாள்னு சொல்லு. நீ என்கிட்ட மரியாதையா நடந்துக்கிட்டேன்னா, எனக்கு மாலை வாங்கிட்டேன்னு அர்த்தம்."

மாமா தலையாட்டினார்.

"நாளைக்கு லீவு போடு. எங்கே டெஸ்ட் பண்றாங்கன்னு உங்க அக்காவுக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அந்த அட்ரஸைத்தான் சொல்லிட்டிருக்கா."

அம்மா துணி எடுக்காமலேயே கீழே இறங்கிப் போனாள்.

காது சோதிக்கும் இடத்துக்கு நானும் போனேன். அங்கே இருந்த பெண் அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். வெளியே திரையில் அப்பாவின் காது கோடுகளாக விழுந்தது. கனத்த சத்தங்களுக்கான இடது பக்கம் நேராக வந்த கோடு, கூர்மையான சத்தங்களுக்கான வலது பக்கம் போகப் போகப் படியிலிருந்து உருண்டது. மாமா திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பிறகு காதுக்குள் அளவெடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் நீல நிறப் பசையைக் குழைத்தாள். அப்பா உயிர் பெற்றார்.

"ஏம்மா, அவ்வளவு வேகமா குழைச்சா காத்துக் குமிழி விழும். அச்சு ஓட்டையாயிடும்."

"சார், நான் தினமும் பண்றேன்."

"நானும்தான்."

"இது காது சார். கடிச்சுப் பிடிக்கவெல்லாம் முடியாது. தலையை ஆட்டாம இருங்க."

அப்பா ஆட்டாமல் இருந்தார். அச்சு வெளியே வந்ததும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அது எவ்வளவு பெரிய பட்டம் என்று.

கருவி தயாரானதும் அதைக் கம்ப்யூட்டரில் இணைத்துச் சரிசெய்தாள். எந்தச் சத்தத்தை எவ்வளவு கூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையருகே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு காதுக்கும் தனித்தனியா மாத்தலாமா?"

"மாத்தலாம் சார்."

"நானே மாத்தலாமா?"

"கூடாது சார்."

"அவர்கிட்ட கொடுத்துடாதீங்க" என்றார் மாமா பின்னாலிருந்து. "ரோடு முழுக்க டெய்லர் கடை இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா புது ஸ்பீக்கரை மேஜையில் எடுத்துவைத்துவிட்டு, அதற்கு முன்னால் காது பழக ஒரு சாதாரண எஞ்சினை ஓடவிட்டார். ஒலி சிப் இல்லாத, வாயில்லாத எஞ்சின். அது கதவுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் பக்கம் வந்ததும் டிக் என்றது. பிறகு டிக், டிக், டிக். தண்டவாளத் துண்டுகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும்.

அப்பா இன்னொரு சுற்று விட்டார். கூடவே நடந்தார், ஒரு பக்கமாகக் குனிந்துகொண்டு.

"என் பக்கம் மட்டும் இடிக்குது."

"ஆமா."

"இது எப்பலேர்ந்து?"

"நீங்க போட்ட அன்னிலேர்ந்து" என்றார் மாமா. "கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பழகிப்போச்சு. அப்பவே சொல்ல வந்தேன். அக்கா சொல்லாதேன்னுட்டா. அப்ப உங்களுக்குக் கல்யாணமாகிப் புதுசாம்."

அப்பா மாடிப்படிப் பக்கம் பார்த்து, "அப்போ இந்த வீட்ல…" என்று தொடங்கிவிட்டு, நிறுத்திக்கொண்டார். கேட்டால் பட்டியல் நீளும் என்று தோன்றியிருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து பல் ராவும் சன்ன அரம் ஒன்றை எடுத்தார். பலகைமேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு முதல் இணைப்பைத் தேய்க்கத் தொடங்கினார். மாமா விளக்கைப் பிடித்தார்.

புது ஸ்பீக்கர் மேஜையிலேயே கிடந்தது. பித்தளை எஞ்சின் அன்றைக்கு ஓடவில்லை. சாப்பாட்டுக்கு அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள். இருவருக்குமே கேட்டது. ஒருவரும் போகவில்லை.

மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், காற்றோடு காற்றாகச் சொன்னார்: "தண்டவாளத்துக்கு மயக்க ஊசி போட்டாச்சா, அத்தான்?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. அரம் நிற்கவில்லை.

"விளக்கை நேரா புடி. லிப்ட் மாதிரி ஏத்தி இறக்காதே."