குழாய்களுக்குக் காது கேட்பதில்லை

"மனுசன உயிரோட வச்சிருக்கிறது சாமியும் இல்ல, சொந்தக்காரகளும் இல்ல. சிறுநீரகத்து உச்சியில குல்லா மாதிரி உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பிதேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், சின்னமனூரிலிருந்து தூக்குவாளியோடு வந்திறங்கிய சொந்தங்களிடம் சசிதரன் இதை அறிவித்தான். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முகம் சுருங்காமல் கேலி பேசுவதில் மட்டும் மேற்படிப்பே முடித்தவன். சொந்தங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு விபூதிப் பொட்டலத்தைத் தேடினார்கள்.

உள்ளே அவன் அப்பா ஈஸ்வரபாண்டி நினைவில்லாமல் கிடந்தார். திராட்சைப் பந்தலின் துருப்பிடித்த கம்பி காலைக் கிழித்து, புண் சீழ்பிடித்து, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. தரைதட்டிய இரத்த அழுத்தத்தைத் தூக்க, தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலினை டாக்டர் ஹேமாவதி கூட்டிக்கொண்டே போனார். "மருந்து கத்துது. குழாய் கேக்க மாட்டேங்குது" என்றார். வந்த அன்றே அவர், "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுவாரா?" என்று கேட்டிருந்தார். அம்மா வாய் திறக்கும் முன் சசிதரன் முந்திக்கொண்டான்: "எங்கப்பா காய்ச்சலுக்கே மிளகு ரசம் குடிக்கிற ஆளு, மேடம்."

பார்வை நேரத்தில் அம்மா மாரீஸ்வரி கட்டிலருகே குனிந்து, கணவர் காதில் ஊர்ச்சேதி சொல்வாள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாய் குட்டி போட்டது, பங்காளி வரப்பை நகர்த்தியது. சசிதரனுக்கு அது பெரிய தீனி. அம்மா மாதிரியே குனிந்து, விடுதி நண்பர்களுக்கு நடித்துக் காட்டியிருந்தான்.

"என்னாத்தா, வானொலி நிலையம் தொறந்தாச்சா? நேயருக்குக் காது அவுட்டு."

"போடா, எகத்தாளம் புடிச்சவனே. அவுகளுக்குக் கேக்கும்."

அன்று அவளிடம் சேதி தீர்ந்துபோயிற்று. அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"மூட்டுவலிக்கு அந்த வெள்ள மாத்திரய வருசக்கணக்கா முழுங்குனீகளே, அத விட்டதுல இருந்து ஒடம்பு ஆடிப்போச்சுங்க. வெரதத்துல மாத்திர ஆகாதுன்னு காப்புக் கட்டுன அன்னிக்கே நிறுத்திட்டீக. புள்ள பாசாகணும்னு வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேந்துக்கிட்டு..."

சசிதரன் சிரிக்கவில்லை. "எந்த மாத்திர?"

"சின்னமனூர் கடையில சும்மா குடுக்கிறதுதேன். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாக. நக்கல் பண்ணுவியாம்ல."

அவன் ஓடினான். ஹேமாவதி கேட்டுக்கொண்டே ஊசிக்குச் சொல்லிவிட்டார். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வருஷக்கணக்காக வெளியிலிருந்து கிடைத்ததில் சுரப்பி வேலையை மறந்து தூங்கியிருக்கிறது; திடீரென நிறுத்தியபோது எழுந்திருக்கத் தெரியவில்லை. அது சுரக்கவேண்டிய கார்ட்டிசால் இல்லாமல் நார்அட்ரினலின் எவ்வளவு கத்தினாலும் குழாய் இறுகாது. இதெல்லாம் சசிதரனுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறான்.

"வந்த அன்னிக்கே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "போட்டாச்சு. இனி குழாய் கேக்குதான்னு பாப்போம். சிறுநீரகம் ஏற்கெனவே நின்னுருச்சுப்பா."

சாயங்காலப் பார்வை நேரத்துக்கு அம்மாவால் எழ முடியவில்லை. தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து, "நீ போய்யா" என்று கைகாட்டினாள்.

மானிட்டரில் எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி நர்ஸ் பச்சைத் திரையை இழுத்துக்கொண்டிருந்தார். சசிதரன் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்தான். அப்பாவின் காதுமடலின் உள்மடிப்பில், திராட்சைக்கு மருந்தாக அடித்த மயில்துத்தத்தின் நீலம் துடைபடாமல் ஒட்டியிருந்தது.

ஊர்ச்சேதி எதுவும் அவனுக்குத் தெரியாது.

"அப்பா," என்றான். "ஹாஸ்டல்ல இன்னைக்கும் உப்புமாதேன்." மூச்சு இயந்திரம் ஒருமுறை ஊதி அடங்கும்வரை பொறுத்தான். "தொட்டுக்க ஒண்ணுமில்ல. பெறகு, எங்க வார்டன் இருக்காருல்ல, அவரு..."