குப்பைக்கீரைப் பாத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோடைத் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டம் தரும் இன்பங்களைப் பற்றி இனிமையாக எழுதித் தரச்சொல்லி ஓர் ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். இனிமையாகத்தான் தொடங்கினேன்:

நவம்பர் இளவெயிலில் பட்டாணிக் கொடிகள் நாணத்துடன்...

பட்டாணிக்கு நாணம் எதற்கு? அடித்துவிட்டேன். சந்திரவதனா எனக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

2

1974. ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு. கணவன் விக்னராஜா பொறியியலாளன். காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவான். சந்திரவதனாவுக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்டிங். இங்கிலாந்தில் பிறந்தவர். “அங்கே ஜூனில் வரும் சந்தோஷம் இங்கே நவம்பரில் வருகிறது” என்பார். வேலிக்கு மேலால் பட்டாணிக் காய்களை நீட்டுவார். சந்திரவதனா உரித்துப் பச்சையாகவே தின்பாள். சின்னச் சிவப்பு முள்ளங்கியை மண்ணோடு பிடுங்கி, குழாயில் கழுவி, நின்ற நிலையிலேயே இருவரும் கடிப்பார்கள். காரம் மூக்கில் ஏறும். சிரிப்பார்கள்.

அவளுக்கும் ஒரு பாத்தி இருந்தது. ஸ்டேஷன் வேலியோரம் குப்பைக்கீரை தானாக முளைத்து நிற்பதைக் கண்டு, விதையை உருவி வைத்திருந்து, வசந்தத்தில் தூவினாள். (பெயரிலேயே குப்பை இருக்கிறதே என்கிறீர்களா? அதற்கு நான் பொறுப்பில்லை.) வெட்ட வெட்டத் தழைத்தது. தேங்காய்ப்பூ போட்டு வறுத்தால் விக்னராஜா இன்னொரு கரண்டி கேட்பான்.

3

நவம்பர் கடைசியில் அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன். ஒரு கிழமை ஆஸ்பத்திரியில், ஏழு நாளும் உப்பில்லாத அவித்த உருளைக்கிழங்கு. படுத்திருந்தபடி பாத்தியைத்தான் நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் சோறும் கீரையும்.

வந்து பார்த்தால் கீரை இல்லை. கொத்திச் சமப்படுத்திய மண்ணில் வரிசையாக ஊதாப் பெற்றூனியாப் பூக்கள். வேலியோரம் மிஸிஸ் ஹார்டிங் சிரித்தபடி நின்றார். “பிடித்திருக்கிறதா?”

இந்த இடத்தில் அவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். ‘கறுத்தவர்களின் தோட்டம் என்றாலே அவருக்கு...’ என்று எழுதிப் பாதியில் விட்டேன். பொய். வயிற்றில் தையலோடு வருகிறவள் குனியக் கூடாதே என்று, வாதம் பிடித்த முழங்காலை ஊன்றி ஒரு பகல் முழுக்கக் களை பிடுங்கியவர் அவர். கோபத்தை அவர்மேல் இறக்கிவைக்க எனக்கே முடியவில்லை. அவளுக்கு எப்படி முடியும்?

4

விக்னராஜா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தான்.

“ஆர் பிடுங்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அவ கேட்டவ, உது களைதானே எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவன் கேத்தலைப் பார்த்தான். “ஓம் எண்டனான்.”

“ஓமோ?”

“பின்னை என்ன சொல்லச் சொல்லுறாய்? ரயில் ரோட்டுக் கரையில முளைக்கிறதைத் தின்னுறம் எண்டோ? போய்த் தாங்ஸ் சொல்லு. மனிசி பாவம்.”

தையல் இழுத்தது. அவள் கத்தவில்லை. வெளியே போனாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று அவனும் பின்னால் வந்தான்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பூக்களைப் பிடுங்கி எறிகிறாள்; குனிய முடியாதவள் எப்படிப் பிடுங்குவாள்? மற்றதில் மிஸிஸ் ஹார்டிங் கீரை தின்று பாராட்டுகிறார். ஆண்டு மலர்க்காரருக்குப் பிடிக்கும், அதனாலேயே கிழித்தேன். நடந்தது இது.

“அது களை இல்லை” என்றாள் சந்திரவதனா, ஆங்கிலத்தில். “நான் சாப்பிடுவதற்கு வளர்த்தது.”

மிஸிஸ் ஹார்டிங்கின் சிரிப்பு நின்றது. விக்னராஜா சிரித்தான். “பகிடி விடுகிறாள்” என்றான், அவனும் ஆங்கிலத்தில்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. “பகிடி இல்லை. இவரும் சாப்பிடுகிறவர். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்.”

மிஸிஸ் ஹார்டிங் அவன் பக்கம் திரும்பினார். “உண்மையா?”

இனி அவன் வாய் திறக்க வேண்டும். அவனுக்காக நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன், கை கூசுகிறது. நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ஒன்று: சந்திரவதனா பக்கத்திலேயே நிற்கிறாள், அவளுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும்.