யவனர் சொன்னதாக ஒரு சொல்

அமுதவள்ளியின் வாய்மொழித் தேர்வு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சென்னையிலுள்ள ஒரு நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவள் கேட்டிருந்த ஓலைச்சுவடியின் படம். கேட்டதையே மறந்துவிட்டிருந்தாள்.

அவள் கடல் தாண்டி, கிள்ளான் என்ற துறைமுக நகரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியை. ஆறு வருடமாக, பள்ளி முடிந்த பிறகும் விடுமுறைகளிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மனிதன் ஏன் சிரிக்கிறான் என்று முதன்முதலில் யோசித்தவர்கள் யார் என்பதுதான் அவள் தேடியது. பழந்தமிழ் இலக்கணம் சிரிப்புக்கு நான்கு காரணம் சொல்கிறது: ஏளனம், பிள்ளைத்தனம், அறியாமை, மடமை. யாரையும் நோகடிக்காத ஒரு குறையைக் கண்டால் சிரிப்பு வருகிறது என்றார்கள் பழைய கிரேக்கர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருந்தன. அந்த எண்ணம் கிரேக்கர்களின் கப்பலில் ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று அமுதவள்ளி எழுதியிருந்தாள்.

அதற்கு ஒரே ஒரு சான்றுதான். அந்த இலக்கணத்தின் சிரிப்புப் பகுதிக்கு நூறு வருடத்துக்கு முன் அச்சான ஓர் உரையில் ‘யவனருரை’ என்ற சொல் இருந்தது. யவனர் என்றால் கிரேக்கர்; யவனருரை என்றால் அவர்கள் சொன்னது. ஆறாம் அத்தியாயம் முழுவதும் அந்தச் சொல்லை நம்பித்தான் நின்றது.

அச்சிட்டவர் பார்த்த ஓலை பழுதானது. முன்னால் பூச்சி அரித்து, பின்னால் ஒடிந்து, நடுவில் ‘யவனரு’ மட்டும் மிஞ்சியிருந்தது. மீதியை அவர் ஊகித்துப் போட்டிருந்தார். இப்போது வந்திருப்பது அதே உரையின் பழுதில்லாத வேறொரு பிரதி. ஓலையில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

‘நூலியற்றியவனருளாலே.’

நூல் இயற்றியவன் அருளாலே. உரைகாரர் மூல ஆசிரியருக்குப் போட்ட ஒரு கும்பிடு. யவனர் யாரும் அங்கே இல்லை.

தன் ஆய்வு நெறியாளரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் விமானத்தில் இருந்தார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் அவள் கணவன் குரு ஐந்து மணிக்குப் பண்டமாரானில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் சாப்பாட்டு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாச்சு, அமுதா? முகமே சரியில்ல.”

சொன்னாள். அவன் இரண்டு தரம் கேட்டுப் புரிந்துகொண்டான்.

“இந்தப் படம் உன்கிட்ட மட்டும்தானே இருக்கு? நாளைக்கு ஒரு நாள் பேசாம இரு லா. பட்டம் வாங்கினப்புறம் சொல்லிக்கலாம்.”

“அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அங்க நின்னு வாய் கூசாம எப்படிங்க பேசுறது?”

குரு கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். “அப்ப போன உடனே சொல்லிடு. நான் லீவு போட்டுட்டு வரேன்.”

மறுநாள் மூவர் தேர்வுக் குழுவின் நடுவில் பேராசிரியர் சிவநேசன் இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், இரண்டு பேரை அழவைத்து அனுப்பியவர் என்று மாணவர்களிடையே பேச்சு. அமுதவள்ளி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

“நீங்க கேள்வி கேக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும், சார். என் ஆறாவது அத்தியாயம் தப்பு.”

படத்தைத் திரையில் போட்டாள். சிவநேசன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், விரலை ஓட்டி முணுமுணுத்துப் படித்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோனாள். அவர் திரும்பியபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இயற்றியவன் அருளாலே! முப்பது வருஷத்துக்கு முன்ன நானும் இந்த யவனரை நம்பி ஒரு கட்டுரை எழுதினேன், அம்மா. நீங்க அடிக்குறிப்புல என்னையும் போட்டிருக்கீங்களே.”

“மூணு இடத்துல, சார்.”

அதற்கு மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

சிவநேசன் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். “சரி. ஆறாவது அத்தியாயம் போயிட்டா உங்க ஆய்வுல என்ன மிஞ்சும்?”

விடிய விடிய அவள் பயந்த கேள்வி அது. இப்போது பதில் தானாக வந்தது.

“ரெண்டு ஊர்லயும் யாரோ வழுக்கி விழுந்திருக்காங்க, சார். பாத்தவங்க சிரிச்சிருக்காங்க. ஏன் சிரிச்சோம்னு அவங்கவங்க தனியா யோசிச்சிருக்காங்க. அதைக் கப்பல்ல கொண்டுவர வேண்டிய அவசியம் இல்ல. என் மத்த அஞ்சு அத்தியாயமும் அதைத்தான் சொல்லுது. நான்தான் கவனிக்கல.”

அவர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் கேள்விகள். இரண்டுக்குத் தெரியாது என்றே சொன்னாள்.

முடிவுக்காக வெளியே குருவோடு காத்திருந்தாள். கதவு திறந்து அவளைக் கூப்பிட்டார்கள். தேர்ச்சி. மூன்று மாதத்தில் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த ஓலையைப் பற்றிப் புதிதாக எழுதித் தர வேண்டும்.

“எழுதும்போது என் பேரையும் போடுங்க,” என்றார் சிவநேசன். “ஏமாந்தவங்க பட்டியல்ல.”

வீடு திரும்பும் வழியில் பெடரல் நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம் என்று குரு கேட்டான். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, வாயை லேசாகத் திறந்தபடி அமுதவள்ளி தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ரேடியோவை அணைத்தான்.