ஒரே மகன்

ஆர்மண்ட் பெர்கூர் பாரிஸில் பிறந்தவர் இல்லை. ஹங்கேரியில் மிஷ்கோல்ட்ஸ் என்ற ஊரில், தொப்பிக் கடைக்காரர் ஒருவரின் இரண்டாவது மகன். அப்போது பெயர் ஆர்மின் பெர்கோவிச். பாரிஸில் ஒருமுறை ரயில் மாறியிருக்கிறார். ஒன்பது மணி நேரம்.

அவரைப் பாரிஸ்காரர் ஆக்கியது ஒரு சினிமா ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு. 1931-இல் அவர் கலிபோர்னியாவுக்கு வந்த வாரமே, பிரிவின் தலைவன் கிளைட் ரஸ்க் அவருடைய வாழ்க்கையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். பிரெஞ்சுத் தந்தை, பாடகித் தாய், இருவரும் சீக்கிரமே மரணம், ஒரே மகன்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்" என்றார் ஆர்மின்.

"இருக்கட்டும்யா. ஆனா அநாதைக்கு அண்ணன் இருந்தா பாதி அநாதைதான். ஜனங்க முழுசா அழ மாட்டாங்க."

ஆர்மின் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அங்கே எல்லோருக்கும் இப்படித்தான் நடந்தது. அதே ஸ்டூடியோவில் இருந்த ரஷ்ய இளவரசி, ஒஹாயோவில் ஒரு பல் வைத்தியரின் மகள்.

பத்து வருடத்தில் பதினான்கு படங்கள் தயாரித்தார். ஏழு படங்களில் கதை பாரிஸில் நடந்தது. தெரு எப்படி இருக்கும் என்று கலை இயக்குநர் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். மிஷ்கோல்ட்ஸின் தெருவைத்தான் சொல்வார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1941 ஆகஸ்டில் அண்ணன் இக்னாத்ஸிடமிருந்து கடிதம் வந்தது. கடையின் உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். யூதர்களுக்கு இனி உரிமம் கிடையாது. போன வருடம் ஆறு மாதம், சாலை போடும் வேலைக்குக் கூட்டிப்போனார்கள். அவருக்கு ஐம்பது வயது. மறுபடி கூப்பிடலாம். "உனக்குச் சிரமம் இல்லையென்றால் நானும் ரோஜியும் அங்கே வருகிறோம்" என்று எழுதியிருந்தார். ரோஜி அவர் மனைவி. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இக்னாத்ஸுக்குக் கேட்கத் தெரியாது.

விசாவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் உறுதிப் பத்திரம் எழுதித் தரவேண்டும். இவர் என் அண்ணன், இவரை நான் காப்பாற்றுவேன் என்று. வக்கீல் இரண்டே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். "இது போதும், வேற எதையும் சேர்க்காதீங்க" என்றார்.

ஆர்மினுக்கு அது மெலிசாகத் தெரிந்தது. வெறும் தாளைக் காட்டி அவர் எந்தக் கதையையும் விற்றதில்லை. கதைச் சுருக்கத்தோடு நாலு புகைப்படமும் இணைப்பார். அது அவர் தொழில். காரியதரிசி மேவிஸ் டாலிவரிடம் சொல்லி, தன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த ஆறு கட்டுரைகளை வெட்டி ஒட்டவைத்தார். நீச்சல் குளம், விருது விழா, நடிகைகள். உறை கனமாக இருந்தது. ஹங்கேரியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கத் தூதரக அதிகாரி, கேட்பவர் யார் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். அந்த நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். பத்திரம் எழுதியவர் மனுதாரரின் தம்பி என்கிறது பத்திரம். இணைக்கப்பட்ட ஆறு கட்டுரைகளும் அவர் பாரிஸில் பிறந்த ஒரே மகன் என்கின்றன. எது உண்மை என்று, அந்தத் தகவலை வெளியிட்ட நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவரை மனு நிறுத்தி வைக்கப்படுகிறது.

மேவிஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "நான்தானே சார் ஒட்டினேன். படிச்சுப் பாக்கல."

"நான் படிச்சேன்" என்றார் ஆர்மின். ஒவ்வொரு வரியாகப் படித்திருந்தார். எதுவும் உறுத்தவில்லை.

மத்தியானம் ரஸ்கின் அறைக்குப் போனார். ரஸ்க் வறுத்த மாட்டிறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"கிளைட், ரெண்டு வரி எழுதணும். நீ எழுதின வாழ்க்கை வரலாறு நிஜம் இல்லைன்னு."

"எதுதான்யா இங்க நிஜம்? உக்காரு."

ஆர்மின் கடிதத்தைக் காட்டினார். ரஸ்க் கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"தர்றேன். தராம இருப்பேனா? ஆனா இப்ப இல்ல."

"ஏன்?"

"சுவத்தைப் பாரு."

சுவரில் புதுப் படத்தின் சுவரொட்டி இருந்தது. பாரிஸை அறிந்தவர் தரும் பாரிஸ் என்று போட்டு, கீழே அவர் பெயர்.

"டிசம்பர் நாலு ரிலீஸ். இந்தக் கிசுகிசு எழுதற ரெண்டு பொம்பளைங்களுக்கும் ஒனக்கும் ஏற்கெனவே ஆகாது. தொப்பிக்காரர் பையன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சுன்னா படம் காலி."

"அந்தத் தாள் ஹங்கேரிக்குப் போறது, கிளைட்."

"தட்டச்சு பண்றவ ஒருத்தி இருக்கா. நகல் வைக்கிறவ ஒருத்தி. அவளுக்கு ஒரு காதலன். படம் ஓடட்டும், மறுநாளே கையெழுத்து. இன்னொண்ணு, டிசம்பர் பதினஞ்சுக்கு ஒன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், மறந்துடாதே. வேலை இல்லாதவன் எழுதின பத்திரத்தை எந்த நாடும் வாங்காது."

அது உண்மைதான். ஆர்மின் திரும்பி வந்து மேவிஸிடம் அதையே சொன்னார்.

"நீங்களே எழுதலாமே சார். அதெல்லாம் கட்டுக்கதை, நான் ஒப்புக்கிட்டதுன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தா?"

"ஸ்டூடியோகிட்டதான் கேக்கறாங்க."

"ஸ்டூடியோ தர்ற வரைக்கும் உங்களோடது போகட்டும். ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணு மேல் இல்லையா?"

அவள் சொல்வது சரி. தாள் எடுத்தார், பேனாவும் எடுத்தார். நான் பாரிஸில் பிறக்கவில்லை என்று எழுதிப் பார்த்தார். தன் கையெழுத்தில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒப்பந்தம் பறிபோனால் அண்ணனுக்குத்தான் நஷ்டம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். காரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் வந்தது அந்தக் கூச்சம், காரணம் பிறகுதான் என்பதும் அவருக்குத் தெரியும். தாளைக் கிழித்தார்.

"ஒரு மாசம்தானே" என்றார்.

மேவிஸ் தட்டச்சுப் பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவம்பரில் இக்னாத்ஸிடமிருந்து ஒரு அட்டை வந்தது. ரோஜி ஆங்கிலம் படிக்கிறாள். நாற்காலி, ஜன்னல், நன்றி எல்லாம் சொல்கிறாள். "நீ வேலையாக இருப்பாய், அவசரப்படாதே." ஆர்மின் அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனார். பதில் எழுதவில்லை. விசாவோடு எழுதலாம் என்று இருந்தார்.

டிசம்பர் நாலாம் தேதி படம் வெளியானது. நன்றாக ஓடியது. தெருக்கள் அசல் பாரிஸ் என்று பத்திரிகைகள் எழுதின. ரஸ்க் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை காலையே கையெழுத்திட்டு, உறையை ஒட்டி மேவிஸிடம் அனுப்பிவிட்டான். சனிக்கிழமை மேவிஸ் அதை விமானத் தபாலில் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹவாயில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டார்கள்; அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த வாரம் ஹங்கேரியும் எதிரி நாடு. தூதரகத்தை மூடிவிட்டார்கள்.

ஒப்பந்தம் பதினைந்தாம் தேதி மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

ஜனவரியில் உறை திரும்பி வந்தது. அந்த நாட்டுக்குத் தபால் சேவை நிறுத்தப்பட்டது என்று முத்திரை. மேவிஸ் அதை அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். அப்போது ரஸ்க் உள்ளே வந்தான். கையில் ஒரு தாள்.

"ஆர்மண்ட், புதுசா எழுதியிருக்கேன், பாரு. இப்ப சண்டை நேரம். ஐரோப்பாவுல மாட்டிக்கிட்ட சொந்தம் இருக்கிறவங்க மேல ஜனங்களுக்கு ஒரு இது. ஒனக்கு ஒரு அண்ணனைச் சேர்த்திருக்கேன்."

ஆர்மின் தாளை வாங்கினார். ஜெர்மானியர் கையிலுள்ள பாரிஸில் ஓர் அண்ணன். ஓவியர். தகவல் இல்லை.

"யாரு இவர்?"

"ஒன் அண்ணன்தான்யா. நிஜமாவே ஒருத்தர் இருக்கார்ல? ஊரை மட்டும் மாத்தியிருக்கேன். தொப்பி எடுபடாது, அதனால ஓவியர்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேண்டாம்னா வேண்டாம். ஒனக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

அவன் அதை மனதார நினைத்துத்தான் சொன்னான்.

ஆர்மின் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "பழையபடியே இருக்கட்டும், கிளைட். ஒரே மகன்."

ரஸ்க் தோளில் தட்டிவிட்டுப் போனான். மேவிஸ் கதவைச் சாத்திக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

ஆர்மின் உறையைப் பிரித்தார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவர் இதுவரை பார்த்ததில்லை. திரு. பெர்கூர் பற்றி நாங்கள் வெளியிட்ட குறிப்பு விளம்பரத்துக்காக எழுதப்பட்டது. அவருக்கு ஓர் அண்ணன் உண்டு.

இரண்டே வரி. கீழே கையெழுத்து. மேலே தேதி, டிசம்பர் ஐந்து.