ஆல்கோட் காட்டில் பொன்னுச்சி இல்லை

லோம்ஷேர் ஊரின் வாரப் பத்திரிகையில், மரண அறிவிப்புகளுக்குப் பக்கத்தில், ‘இந்த வாரம் கண்ட பறவைகள்’ என்று ஒரு பத்தி வரும். முப்பத்தொரு வருடமாக அதை எழுதி வருபவர் சிக்ஸ்டன். ஊரில் பாதிப் பேர் முதலில் பறவையைப் படித்துவிட்டு அப்புறம்தான் யார் செத்தது என்று பார்ப்பார்கள். மீதிப் பேர், செத்தவர் பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு பறவைக்கு வருவார்கள்.

அந்தப் பத்தியில் பொய் வந்ததில்லை. பொய்யைப் போலத் தெரிகிற உண்மைகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரு அக்டோபரில் நானூறு பட்டுவால் குருவிகள் நூலகத்து வாசல் மரத்தில் புளித்துப்போன சிவப்புப் பழங்களைத் தின்றுவிட்டு, பறக்க முடியாமல் தரையில் இறங்கி, வெள்ளைக் கோடு போட்ட இடமாகப் பார்த்து வரிசையாகச் சாலையைக் கடந்தன. பேருந்து பதினோரு நிமிடம் நின்றது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஓட்டுநர் ‘குடிபோதை’ என்று எழுதிவிட்டு, அது யாருடைய போதை என்று மேலிடத்துக்கு விளக்க மூன்று நாள் அலைந்தார். சிக்ஸ்டனின் பத்தியில் ஒரே வரிதான் வந்தது: ‘பட்டுவால், நானூறு, நடந்து.’

சிக்ஸ்டனுடைய கண் சாதாரணக் கண். காதுதான் பேர் வாங்கியது. ஒருமுறை தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து நின்று, “ரெண்டு. தெற்கே போகுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே பறந்த குருவிகளைச் சொன்னார். பாதிரியார் அதைச் சமீபத்தில் இறந்துபோன இரண்டு பேரைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நரகத்தைப் பற்றி வழக்கத்தைவிட நன்றாகப் பேசினார்.

ஆண்டுதோறும் அக்டோபர் முதல் ஞாயிறு அவர் பொன்னுச்சிக் குருவிகளை எண்ணுவார். உச்சந்தலையில் மஞ்சள் கோடு போட்ட குருவி அது. எடை ஐந்து கிராம். தபால் நிலையத்துத் தராசில் உட்கார வைத்தால் முள் அசையாது, தபால்தலையும் கேட்கமாட்டார்கள். ஊசியிலை மரத்தின் உச்சியில், இருட்டுக்குள் இருட்டாகத் திரியும். வெறுங்கண்ணால் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். ஊசியை விட மெல்லிய அதன் குரலைத்தான் எண்ண வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. பள்ளி நாளிலிருந்து சிநேகிதரான ஆல்கோட்டின் காட்டில் இருபது இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். காதில் விழுந்ததை மட்டும் குறிக்க வேண்டும். தொலைநோக்கியை எடுத்தால் கணக்கு செல்லாது. இந்த விதியை எழுதியவரே சிக்ஸ்டன்தான். மாவட்டம் முழுவதும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதல் வருடம் அறுபத்து நான்கு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அந்த எண் அதிகம் அசையவில்லை. பிறகு இறங்க ஆரம்பித்தது: நாற்பத்தொன்று, இருபத்தாறு, பதினொன்று, நான்கு. இந்த வருடம் இருபது இடத்திலும் நின்றார். பூஜ்யம்.

பூஜ்யத்தைப் போட்ட கையோடு காரணத்தையும் கண்டுபிடித்தார். ஏழு வருடம் முன்னால் புயலில் சாய்ந்த மரங்களை ஆல்கோட் இயந்திரம் விட்டு அப்புறப்படுத்தியிருந்தார். இறக்கம் அப்போதுதான் தொடங்கியது. வியாழக்கிழமை பத்திரிகையில் வந்தது: ‘ஆல்கோட் காட்டில் பொன்னுச்சி இல்லை. காட்டுக்குள் இயந்திரத்தை விட்டவர்கள் இனி மௌனத்தைக் கேட்டு மகிழலாம்.’

அவருடைய மனைவி குன்வோர் அதைப் படித்துவிட்டு, “ஆல்கோட்டைப் பத்தி இப்படியா எழுதுவீங்க? நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்ன மனுஷன்” என்றாள்.

“நான் ஆளைப் பத்தி எழுதல. எண்ணிக்கையைப் பத்தி எழுதினேன்.”

“எண்ணிக்கைக்குப் பேர் ஆல்கோட்டா?”

 சிக்ஸ்டன், வேகும் நேரம் முடிந்ததும் அடிக்கிற அடுப்பு மணியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடத்தில் அவர் வாங்கிய மூன்றாவது அடுப்பு மணி அது. முதல் இரண்டும் அடிக்காமல் கெட்டுப்போயிருந்தன. இப்போதெல்லாம் ஒழுங்காக மணி செய்யத் தெரிந்தவர்களே இல்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுத்தான் இதை வாங்கி வந்திருந்தார்.

ஊர் தன் வேலையைச் செய்தது. கூட்டுறவுக் கடையில் ஆல்கோட் பால் வாங்கப் போனால், பணம் வாங்குகிற பெண் மூச்சை அடக்கிக்கொண்டு, “உஸ்... மௌனத்தைக் கேக்கறேன்” என்பாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சனிக்கிழமை சீட்டாட்டத்தில் ஒருவன், “ஆல்கோட், உன் காட்டுல நான் என் மாமியாரை விட்டுட்டு வரட்டுமா? ஒரு வாரம் சத்தமில்லாம இருக்கும்” என்றான். ஆல்கோட் கொஞ்சமாகப் பேசுகிற மனிதர். அந்த ஊரில் கொஞ்சமாகப் பேசுகிறவர் என்றால் மாதத்துக்கு இரண்டு வாக்கியம் என்று அர்த்தம். அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை சிக்ஸ்டனின் வீட்டுக் கதவைத் தட்டினார். குன்வோர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சிக்ஸ்டன் அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“எப்ப வந்து எண்ணினே?” என்றார் ஆல்கோட்.

“எப்பவும் வர்ற ஞாயித்துக்கிழமை.”

“ஒண்ணுகூடவா கேக்கல?”

“கேட்டிருந்தா எழுதியிருக்கமாட்டேனா?”

“நேத்துகூட காலையில விறகு எடுக்கப் போனேன்டா. தலைக்கு மேல கும்பலா கத்துது.”

“உனக்குக் குருவிக்கும் குளிர்பெட்டிக்கும் வித்தியாசம் தெரியுமா? முப்பத்தொரு வருஷம் நின்னு கேட்டவன்கிட்ட வந்து, விறகு எடுக்கப் போனேன், கேட்டேன்னு சொல்றே!”

“விறகு எடுக்கப் போறவனுக்குக் காது இருக்கக் கூடாதா?”

“காது எல்லாருக்கும் இருக்கு. கழுதைக்குப் பெரிசாவே இருக்கு.”

இதைச் சொல்லிவிட்டு சிக்ஸ்டன் தன் பேச்சைத் தானே மெச்சிக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சமையலறையில் அடுப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. ஆல்கோட் அவர் முகத்தைப் பார்த்தார். மணி விடாமல் அடித்தது. சிக்ஸ்டனின் முகத்தில் கழுதையைப் பற்றிய திருப்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆல்கோட் அவரை மெல்ல விலக்கிக்கொண்டு உள்ளே போய், மணியை நிறுத்தி, ரொட்டியை வெளியே எடுத்து வைத்தார். திரும்பி வாசலுக்கு வந்தார்.

“ரொட்டி வெந்துடுச்சு” என்றார்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“வாசனை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆல்கோட் மாவட்ட வன அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். காடு முழுவதையும் வெட்டப் போகிறேன் என்று அறிவிக்கும் விண்ணப்பம். ஆட்சேபம் இருந்தால் சொல்ல ஆறு வாரம் தருவார்கள். அந்தக் காட்டில் காப்பாற்ற வேண்டிய பறவை உண்டா என்ற கேள்விக்கு எதிரே, சிக்ஸ்டனின் பத்தியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்.

சிக்ஸ்டனுக்கு இது தெரிய வந்ததும் தொலைபேசியில் கத்தினார். “டேய், பைத்தியமா உனக்கு? காட்டையே வெட்டுவியா?”

“பறவையே இல்லாத காடுடா. நீதான் எழுதினே” என்றார் ஆல்கோட். அந்த மாதத்துக்கு உரிய இரண்டு வாக்கியமும் முடிந்துவிட்டதால் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நவம்பர் முதல் வாரம் கடலிலிருந்து வடகாற்று அடித்தது. கடலைத் தாண்டி வரும் சிறு பறவைகள் அந்தக் காற்றில் களைத்துப்போய், கண்ட இடத்தில் விழும். சிக்ஸ்டன் ஆல்கோட்டின் வேலியோரம் போய் நின்று, வெட்டப்படப் போகிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வேலியில் ஊன்றியிருந்த அவருடைய கையுறைமேல் ஒரு பொன்னுச்சி வந்து உட்கார்ந்தது. எடை தெரியவில்லை. கால் விரல்கள் கம்பளி நூலைப் பற்றியிருந்தது மட்டும் தெரிந்தது.

குருவி அலகைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. தொண்டை துடித்தது. மஞ்சள் கோடு சிலிர்த்து அகன்றது. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஊசியால் குத்துவதுபோல அது கத்திக்கொண்டிருந்தது என்பதை அலகை வைத்துச் சொல்லிவிடலாம். சிக்ஸ்டனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் நாய் குரைப்பது கேட்டது. லாரி போவது கேட்டது. அலை பாறையில் மோதுவது கேட்டது. ஊர் முழுக்கக் கேட்டது, கையில் இருந்தது மட்டும் கேட்கவில்லை.

குருவி போன பிறகு அவர் தன்னுடைய விதியைத் தானே மீறினார். தொலைநோக்கியை எடுத்து மரங்களின் உச்சியைப் பார்த்தார். கழுத்து மரத்துப்போகும் வரை பார்த்தார். முப்பத்தெட்டு வரை எண்ணினார். அதற்கு மேல் கண்ணாடி மங்கிவிட்டது. குளிரால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மேசைமேல் முப்பத்தொரு வருடத்து எண்ணிக்கையை வரைந்து காட்டும் கோடு இருந்தது. மாவட்டப் பறவைச் சங்கத்துக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கோட்டின் நகல். ஏழு வருடமாகக் கீழே இறங்கும் கோடு. அது பறவையின் கோடு இல்லை. அவருடைய காதின் கோடு. எந்த வருடத்தில் பறவை முடிந்து காது தொடங்கியது என்று அவராலேயே சொல்ல முடியாது. ஒரு வருடம் பொய் என்று ஒப்புக்கொண்டால் எத்தனை வருடம் பொய் என்று கேட்பார்கள்.

குன்வோரிடம் மட்டும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியாதா? மெல்லிசுச் சத்தம் உங்க காதுல விழலைன்னு நாலு வருஷமா நான் பேசும்போது குரலைத் தடிப்பாக்கித்தானே பேசறேன். நீங்க என்னடான்னா எனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு கஷாயம் போட்டுக் குடுத்தீங்க.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?” என்றாள். பிறகு மேசையில் தாளை எடுத்து வைத்தாள். “வன ஆபீசுக்கு எழுதுங்க. ஒரே வரி. எனக்குக் காது போச்சு, என் கணக்கு செல்லாதுன்னு. காடு பிழைச்சுக்கும்.”

சிக்ஸ்டன் எழுதினார். ‘ஆல்கோட் காட்டில் இன்று முப்பத்தெட்டு பொன்னுச்சிகளைக் கண்டேன். ஆகவே வெட்ட அனுமதிக்கக் கூடாது.’ காதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குன்வோர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். 

பத்து நாளில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில். முறைப்படி எடுத்த கணக்கு பூஜ்யம் என்கிறது, ஒரு மாதம் கழித்து முறையில்லாமல் எடுத்த கணக்கு முப்பத்தெட்டு என்கிறது, இடையில் என்ன மாறியது என்று ஒரு வரியில் தெரிவித்தால் முதல் கணக்கைத் தள்ளிவிட்டு மறுபரிசீலனை செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். பதில் எழுதக் கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சிக்ஸ்டன் அந்தக் கோட்டின் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்தார். நாலு பேனா மை தீர்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். நாலு பேனாவும் மூடியைத் திறந்தபடி காய்ந்துதான் போயின. மூன்றாம் நாள் ஒரு சொல் எழுதித் தபாலில் போட்டார்: ‘காற்று.’

அலுவலகம் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது. முதல் கணக்கே நின்றது. ஆறு வாரம் முடிந்தது.

நவம்பர் கடைசியில், முதல் பனி தரையில் தங்கிய அன்று, வெட்டும் இயந்திரம் வந்தது. அதன் உறுமல் சிக்ஸ்டனுக்கு நன்றாகக் கேட்டது. அந்த வகைச் சத்தத்துக்கு அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஒவ்வொரு மரமாக, விழுவதையும் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றதும் மேலங்கியை மாட்டிக்கொண்டு போனார்.

ஓட்டுநர் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். காடு இருந்த இடத்தில் வானம் இறங்கி வந்திருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு நூறு மரம் நின்றது. ஆல்கோட் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்டா” என்றார், திரும்பாமல், தடித்த குரலில். “அன்னிக்கு உன் வீட்டு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சா கடையில சொல்லியிருக்கலாமே? உன் பேரு தப்பிச்சிருக்கும்.”

“நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஆறு வாரம் நெனச்சேன். பேப்பர்ல வேண்டாம், ஆபீசுக்கும் வேண்டாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினை வர வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

 சிக்ஸ்டன் கிழக்கு மூலை மரங்களின் உச்சியைப் பார்த்தார். இருந்த குருவிகளெல்லாம் அங்கேதான் ஒண்டியிருக்க வேண்டும். மஞ்சளாக ஏதோ அசைந்தது.

“அது நிக்குது இன்னும்” என்றார் ஆல்கோட். “அவன் காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு. இங்க நானும் நீயும்தான் இருக்கோம். சொல்லு.”

ஓட்டுநர் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைப் பனியில் உதறினான். இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு, உத்தரவுக்காக ஆல்கோட்டைப் பார்த்தான்.

“என் காது...” என்றார் சிக்ஸ்டன்.

ஆல்கோட் எழுந்து நின்றார். முகத்தில் ஏதோ இளகியது. “ம்” என்றார். “சொல்லுடா.”

சிக்ஸ்டன் ஓட்டுநரைப் பார்த்தார். அவன் லோம்ஷேர்க்காரன். வியாழக்கிழமை தோறும் பத்திரிகை வாங்குகிறவன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவனுக்கு எதுவும் கேட்காது என்பது சிக்ஸ்டனுக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

“என் காது ரொம்பக் குளிருது” என்று முடித்து, தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

 ஆல்கோட் ஓட்டுநரின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி ஆட்டினார். இயந்திரம் கிழக்கு மூலையை நோக்கி நகர்ந்தது.